வேறொருவரின் முதுகெலும்பு

மார்ச் 9
எக்ஸ்ரே அறை, கீழ்த்தளம்

தம்பிக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை முகத்தில் ஒன்றையும் காட்டாதே. பக்கத்தில் காவல்காரர் உட்கார்ந்திருப்பார். படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பதுபோல் கவரைப் பிடித்துக்கொண்டு படி.

நான் உன் அக்கா. கல்யாணமாகி எல்லை தாண்டி வந்த நாளிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்தான். திங்கட்கிழமை உன்னை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கண் மட்டும் தெரிய, முகம் முழுக்கக் கட்டு. சீட்டில் பெயர் இல்லை, கைதி எண் மட்டும். "கீழே விழுந்த ஹெலிகாப்டர் ஓட்டி. நெஞ்சும் முதுகும் எடுங்க" என்றார்கள். எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. மேலேயிருந்து எங்கள் தலையில் நெருப்பைக் கொட்டுகிறவர்களில் ஒருவன் வசமாக மாட்டினான் என்றுதான் நினைத்தேன்.

இருட்டறையில் படத்தைக் கழுவியபோது வலது பக்கக் காறை எலும்பு தெரிந்தது. எப்போதோ உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோணலாகவே ஒட்டிப்போன எலும்பு. சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து குதிக்க முடியுமா என்று நான் உசுப்பேற்ற, நீ குதித்தாய். அப்பாவுக்குப் பயந்து இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். இந்தப் படிப்புப் படித்தபோது உன்னைத்தான் படுக்கவைத்துப் படம் எடுத்துக் கை பழகினேன். அந்தக் கோணலை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இருட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்காக எல்லாம் மறந்துவிட்டது என்று நினைக்காதே. ராணுவத்தில் சேரும்போது உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று எழுதிக்கொடுத்தாயாமே. எதிர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா இருப்பது தெரிந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்களா? நல்லது, ஏறிப் பார்த்துவிட்டாய்.

இதைக் கொண்டுவருகிறவள் வார்டு ஆயா. நம்மைக் காதலர்கள் என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள். "கல்லாட்டம் புருசன் இருக்கையில எதிராளி மேல எதுக்கும்மா இந்தப் பைத்தியம்?" என்று திட்டிக்கொண்டேதான் வாங்கிப் போகிறாள். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். எனவே வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்குகிறேன்.

இங்கே படம் நோயாளியோடுதான் இருக்கும். பதிலை அந்தக் கவரிலேயே வைத்துக் கீழே அனுப்பு.

அக்கா


மார்ச் 11
மூன்றாம் மாடி

யாராக இருந்தாலும் சரி, உங்களுக்கு,

என்னை விசாரிக்கிறவர்கள் மூளைக்காரர்கள். ஒருத்தர் அடிக்கிறார். இன்னொருத்தர் டீ வாங்கிக்கொடுத்து, "அவன் கெடக்கான் முரடன், நீங்க எங்கிட்ட சொல்லுங்க" என்கிறார். இப்போது மூன்றாவதாக ஒரு அக்காவைக் கொண்டுவந்திருக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. எலும்பு கோணல் என்பதைப் படத்தைப் பார்த்து எவனும் எழுதலாம். தண்ணீர்த் தொட்டியை நான் மயக்கத்தில் உளறியிருக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி. அம்மா என் அக்காவை அடித்தது வாழ்க்கையில் ஒரே நாள். எதற்காக? இதற்குப் பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால், படம் தெளிவாக வந்திருக்கிறது, நன்றி.


மார்ச் 14

டேய் கழுதை,

உன் பரீட்சை மார்க் சீட்டில் அப்பா மாதிரி நான் கையெழுத்துப் போட்டதற்காக. மூன்று பாடத்தில் கோட்டை விட்டது நீ, அடி வாங்கியது நான். அடித்துவிட்டு அம்மா, "கையெழுத்து மட்டும் என்ன அச்சு மாதிரி போடறா பாரு" என்று சிரித்தாளே, அதுவும் நினைவிருக்கிறதா? போதுமா?

சாப்பிடுகிறாயா? கஞ்சியைத் திருப்பி அனுப்புகிறாய் என்று ஆயா சொன்னாள். தாடை வலித்தாலும் விழுங்கு. ரோஷம் காட்ட இது மாமியார் வீடு இல்லை.

உன் முதுகைப் பற்றிச் சொல்கிறேன். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பில் கீறல். நசுங்கவில்லை. அசையாமல் படுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் சேர்ந்துவிடும். வலி அதிகமாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்? சண்டை தொடங்கியபிறகு ஒரு கடிதமும் வந்து சேரவில்லை. என் மேல் இன்னும் கோபமா?

இன்னொன்று. கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன நவம்பரில் ஆற்றுப் பாலத்தை உங்கள் ஹெலிகாப்டர்கள் அடித்தன. பாலத்தில் பால் வண்டியோடு போன உன் அத்தானின் தம்பி அங்கேயே போய்விட்டான். இருபத்திரண்டு வயது. என் கையில் சோறு தின்று வளர்ந்த பையன். அவனுடைய பைக்கை என் மாமியார் தினமும் காலையில் வாசலுக்குத் தள்ளிவந்து ஸ்டார்ட் செய்து அணைக்கிறார். இல்லாவிட்டால் பாட்டரி இறங்கிவிடுமாம். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ வந்தாயா?

அக்கா


மார்ச் 20

அக்கா,

நீதான். படித்ததும் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். காவல்காரர் முதுகு வலி என்று நினைத்து ஆயாவைக் கூப்பிட்டார். அவள் வந்து என் காதில், "அந்தம்மா குடும்பஸ்தி, விட்டுருப்பா" என்றாள். அழுதுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்து, விலா எலும்பு முறிந்ததுபோல் வலித்தது.

அம்மா இல்லை, அக்கா. இரண்டு வருடம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கோபமெல்லாம் கடைசி வரை வாயில் மட்டும்தான் இருந்தது. உனக்குத் தந்தி அடிக்கச் சொன்னாள். எல்லை தாண்டித் தந்தி அடித்தால் என் மேலதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும் என்று நான் அடிக்கவில்லை. அடித்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். நீ புறப்பட்டுவிட்டாய் என்றும் சொன்னேன். வாசலைப் பார்த்தபடியே போனாள். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று ஐந்து நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

பாலம். நான்கு ஹெலிகாப்டர் போனோம். இரண்டாவது என்னுடையது. யாருடைய ராக்கெட் பால் வண்டியில் பட்டது என்று எவனாலும் சொல்ல முடியாது. அந்தச் சந்துக்குள் நான் ஒளிந்துகொள்ளலாம். உன்னிடம் அது வேண்டாம். நான் வந்தேன், சுட்டேன். வண்டிகள் மேலேயிருந்து சிறிதாகத் தெரிந்தன. ராணுவ வண்டிகள் என்று சொல்லியிருந்தார்கள், நானும் அப்படியே பார்த்தேன்.

விழுந்த கதையையும் கேட்டுக்கொள். எஞ்சின் அடிபட்டு நின்றால் ஹெலிகாப்டரை மேலே இழுக்கத்தான் கை துடிக்கும். இழுத்தால் செத்தோம். உடனே லீவரைக் கீழே தள்ளி, அதை விழவிட வேண்டும். விழுகிற வேகத்தில் விசிறி தானாகச் சுற்றும். தரைக்குக் கிட்டே வந்ததும் ஒரே ஒரு தடவை இழுக்கலாம், அதுதான் உயிர். நூறு தடவை பழகியிருக்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் இழுத்துவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் என் பக்கத்து சீட்டில் இருந்தவன் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது.

தம்பி


ஏப்ரல் 6

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கேட்காதே.

உன் கடிதத்தை இருட்டறைச் சிவப்பு விளக்கில் படித்தேன். வெளியே வந்து அன்றைக்கு மட்டும் முப்பது பேருக்குப் படம் எடுத்தேன். வீட்டுக்குப் போய் மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டேன். "ஏம்மா அழுவற?" என்றார். எங்கள் அம்மா போய்விட்டதாகச் செய்தி வந்தது என்றேன். அந்த மனுஷி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மகனைக் கொன்றவனின் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பாவி, என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாய் பார்.

தந்தியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அதை விடு.

ஆத்திரம் தீரும்வரை திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நேரம் இல்லை. 16-ம் தேதி மருத்துவக் குழு வருகிறது. எங்கள் ராணுவ டாக்டர் இருவர், நிவாரணச் சங்கத்தின் வெளிநாட்டு டாக்டர் ஒருவர். இனி எந்தக் காலத்திலும் சண்டைக்கு லாயக்கில்லை என்று அவர்கள் எழுதும் கைதிகள் ஊருக்கு அனுப்பப்படுவார்கள். மற்றவர்கள் கல்குவாரி முகாமுக்கு. இந்த வார்டிலிருந்து குவாரிக்குப் போன யாருக்கும் நான் இரண்டாவது தடவை படம் எடுத்ததில்லை. புரிகிறதா?

உன் முதுகைப் பார்த்தால் எந்த டாக்டரும் குவாரி என்றுதான் எழுதுவார். நீ உயிரோடு போக வேண்டுமென்றால் அது வேறு முதுகாக இருக்க வேண்டும். அதை என்னால் மாற்ற முடியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. உன்னை அனுப்பிவிட்டு, நீ அங்கே எழுந்து நடந்து, மறுபடி ஏறி வந்து இந்த ஊர் மேல் சுட்டால், அந்த ராக்கெட் நான் போட்டது. இனி ஹெலிகாப்டரில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய். யாரையும் கொல்லாமல் மூட்டை தூக்கிப் பிழைத்தாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. ஏறக்கூடாது. செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

வேண்டாம். பிடிபட்டால் உன்னைத் தூக்கில் போடுவார்கள். அத்தானையும் சேர்த்துப் போடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

சத்தியமும் கேட்காதே. பறப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. பத்தொன்பது வயதில் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். முதல் ஐந்து வருடம் நான் தூக்கிப் போனதெல்லாம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களும் பிரசவ வலிக்காரிகளும்தான். ஒரு குழந்தை என் முதுகுக்குப் பின்னாலேயே பிறந்தது. நர்ஸ் ஹெட்போனில் கத்தினாள், "ஆட்டாதீங்க சார், தொப்புள்கொடி அறுக்கணும்!" அந்த இரண்டு நிமிடம் ஹெலிகாப்டரைக் காற்றில் ஆணி அடித்தாற்போல் நிறுத்தினேன். அதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை. பிறகு சண்டை வந்தது. அதே மெஷினுக்கு இரண்டு பக்கமும் ராக்கெட் குழாய் மாட்டினார்கள். இறங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பறக்கவிட்டால் போதும் என்று இருந்தேன், அதுதான் உண்மை.

ஏறாமல் இருப்பேன் என்று வாயால் சொல்லிவிடலாம். சாகக் கிடந்த அம்மாவிடம் ஒரு தடவை பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 10

அக்கா,

போன குழு தள்ளிவிட்ட பக்கத்துக் கட்டில்காரரை நேற்றுக் குவாரிக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் பீரங்கிப் படையில் சமையல்காரர். பாதம் இன்னும் புண்ணாகவே இருந்தது. செருப்பு எங்கே என்று கட்டிலுக்கடியில் தேடினார். "அங்க செருப்பு தேவப்படாது" என்றான் அழைத்துப் போக வந்தவன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்திரி அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தபடி படுத்திருந்தேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

ஏறமாட்டேன். பயத்தில்தான் சொல்கிறேன், வேறு பெரிய மனசெல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் காப்பாற்றுவேன். அம்மா மேல் சத்தியம். பால் வண்டிக்காரத் தம்பி மேலும் சத்தியம், அவன் பெயரை எடுக்க எனக்கு உரிமை இருந்தால்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

முடிந்தது. கவனமாகப் படி, படித்ததும் இந்தத் தாளைக் கஞ்சியில் ஊறவைத்து விழுங்கு.

நேற்று கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சிமெண்ட் மூட்டைகள் சரிந்து அவர் மேல் விழுந்துவிட்டன. கீழ் முதுகில் ஒரு எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. படம் சரியாக வரவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும் என்றேன். அந்த மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எடும்மா, நீ பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த இரண்டாவது படத்தில்தான் உன் எண்ணைப் போட்டிருக்கிறேன். அவர் படம் அவரிடமே பத்திரமாக இருக்கிறது. அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதில் மட்டும் நிம்மதி. அவருக்கு வயது கொஞ்சம் கூட. குழு ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காது, நசுங்கலைத்தான் பார்ப்பார்கள்.

இந்த முதுகு உள்ளவன் எப்படி இருப்பான் என்று சொல்கிறேன். இடது கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்வார்கள். தூக்காதே. தூக்க முயற்சி செய்வதுபோல் முகத்தைச் சுளி, விரல் அசையக்கூடாது. பாதத்தின் மேல்புறம் ஊசியால் குத்துவார்கள், கத்தாதே. உள்ளங்கால் ஓரத்தில் குத்தினால் மட்டும் காலை இழுத்துக்கொள். படுக்கவைத்து இடது காலை நேராகத் தூக்கும்போது பாதியிலேயே அலறு. நடக்கச் சொன்னால் முன் பாதம் தரையில் தேய வேண்டும். ராத்திரியில் பழகு. நீ பள்ளி நாடகத்தில் மரமாக நின்றவன், அதிலேயே இரண்டு தடவை தும்மினாய். இந்த முறை தும்மாதே.

படத்தைக் கவரில் போட்டு, எண், தேதி, இடது வலது எல்லாம் சரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். உன்னோடேயே ஊர் வரைக்கும் வரும். ஆள் போகிற இடத்துக்குப் படமும் போக வேண்டும், எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம். வழியில் எவனாவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு இருக்கும்.

பார்க்க முடியாது என்று தெரியும். அனுப்புகிற அன்று ஸ்ட்ரெச்சர் எங்கள் வராந்தா வழியாகத்தான் போகும். நான் வெளியே வரமாட்டேன். வந்தால் அழுதுவிடுவேன்.

அக்கா


ஜூன் 2
(நிவாரணச் சங்கத்தின் அஞ்சலட்டை)

மதிப்புக்குரிய எக்ஸ்ரே அறைப் பணியாளர்களுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். நல்ல வரவேற்பு. பாண்டு வாத்தியம், புகைப்படம் எல்லாம் இருந்தன. இங்குள்ள டாக்டர்கள் என் உடல்நிலையில் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். மறுபடியும் எல்லாச் சோதனைகளும் செய்கிறார்கள். தங்கள் கவனிப்புக்கு நன்றி. ஆயாவிடம் சொல்லவும், அறிவுரையை ஏற்றுக்கொண்டேன்.

முன்னாள் நோயாளி


ஆகஸ்ட் 19

தம்பி,

இதை நிவாரணச் சங்கத்து நர்ஸ் கொண்டுவருவார். இரண்டு பக்கத்துக் கைதிகளுக்கும் மருந்து கொண்டுபோகிறவர். ஒரு தடவை மட்டும் செய்கிறேன், அதற்குமேல் கேட்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மனசில் இருப்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

அஞ்சலட்டைக்குப் பிறகு ஒரு வரி இல்லை. ஜூன் கடைசியில் உங்கள் வானொலியில் சொன்னார்கள். இங்கே அதைக் கேட்டால் குற்றம், ஆனால் எல்லா வீட்டிலும் போர்வைக்குள் வைத்துக் கேட்கிறோம். "எதிரியின் பிடியிலிருந்து மீண்ட ஹெலிகாப்டர் வீரர் பூரண குணமடைந்தார், மீண்டும் கடமைக்குத் திரும்புகிறார்" என்றார்கள். அடுத்த வாரமே ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. ரயில் நிலையத்தை அடித்தார்கள். பிறகு கிடங்குத் தெரு. சிமெண்ட் மூட்டை விழுந்தவர் வீடு அங்கேதான். அவரால் எழுந்து ஓட முடியவில்லை. யாருடைய முதுகைக் காட்டி நீ தப்பினாயோ அவர் உடலை நான் போய்ப் பார்த்தேன், பார்க்கிற மாதிரி இல்லை.

நீயா? கேட்டுவிட்டேன். அம்மா மேல் சத்தியம் செய்தாயே, நீயா?

வீட்டிலும் சொல்லிவிட்டேன். உள்ளேயே வைத்துக்கொண்டு எனக்கு மனசே புழுத்துவிட்டது. படத்தை மாற்றியதைச் சொல்லவில்லை, நீ என் தம்பி என்பதையும் பாலத்தையும் மட்டும் சொன்னேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் அத்தான், "கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்லயே இரு" என்கிறார். இருக்கிறேன்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு ஓடுகிறார்கள். நான் மொட்டை மாடிக்குப் போகிறேன். ஆயா புடவையைப் பிடித்து இழுக்கிறாள், உதறிவிட்டுப் போகிறேன். வெள்ளைக் கோட்டோடு நடுவில் நின்று மேலே பார்க்கிறேன். அதில் நீ இருந்தால் என்னைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவாய் என்று ஒரு நம்பிக்கை. அதில் நீ இல்லையென்றால் உன் சத்தியம் நிற்கிறது என்று சந்தோஷப்படலாம். இரண்டில் எது என்று தெரியாமல்தான் தூக்கம் வரவில்லை.

பதில் எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது. இல்லை, பொய் வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 4

அக்கா,

நர்ஸ் மற்றவர்களுக்கு மருந்து கொடுத்து முடிப்பதற்குள் எழுதுகிறேன். அவசரக் கிறுக்கல், பொறுத்துப் படி.

நான் இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு ஹெலிகாப்டரையும் தொடவில்லை.

பாண்டு வாத்தியம் முடிந்த மறுநாள் எங்கள் ராணுவ ஆஸ்பத்திரியில் புதிதாகப் படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நீ எண்ணும் தேதியும் சுத்தமாக ஒட்டி அனுப்பிய படம் ஒன்று, அவர் எடுத்தது ஒன்று. கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல இருக்கறவனுக்கு அம்பது வயசு. எலும்பு ஓரமெல்லாம் தேஞ்சு முள்ளு கட்டியிருக்கு. இது உங்க முதுகு இல்ல" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். இவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. ஒரு நல்ல ஹெலிகாப்டர் ஓட்டியை, நல்ல முதுகோடு, உடைந்த முதுகு என்று பொய்ப் படம் கொடுத்து எதிரி எதற்கு வீட்டுக்கு அனுப்புவான்? இவன் அவர்கள் ஆளாகத் திரும்பியிருந்தால்தானே அனுப்புவான்? என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அது நீ. நான் அதைச் சொன்னால் ஒரே வாரத்தில் எங்கள் வானொலியில் பெருமையாகச் சொல்வார்கள், எதிரியின் ஆஸ்பத்திரியிலேயே நமக்கு ஆள் இருக்கிறது என்று. மறுநாள் அங்கே உன்னைத் தூக்கில் போட்டுவிடுவார்கள். அதனால் எனக்கு எதுவும் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். உன் மேல் தப்பில்லை. வேலையைச் சரியாகச் செய்கிறவள் நீ, அதனால்தான் படத்தைக் கவரில் போட்டாய். என்னைப் போன்ற சோம்பேறி அங்கேயே விட்டிருப்பான். அந்தக் கவரை வழியில் ஆற்றில் எறியத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தேனே, நான் எவ்வளவு பெரிய அறிவாளி பார்.

ஜூனில் என் பழைய மேலதிகாரி வந்தார். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர், கெட்டவர் இல்லை. "இந்தச் சந்தேகத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்கே ஏறு. உன்னைப் புடிச்சு வெச்சிருந்த ஊர் மேல ஒரு தடவை போய்ட்டு வா. அதுக்கப்புறம் உன்னை எவன் கேப்பான்?" என்றார். நான் ஒத்துக்கொண்டுவிடுவேன் என்று நம்பித்தான் வானொலியில் முன்கூட்டியே சொன்னார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கொண்டுவந்திருந்தார். என்னுடைய பழைய ஹெல்மெட்தான், உள்ளே என் வியர்வை நாற்றம் அப்படியே இருந்தது. அதைக் கையில் வாங்கினேன், அக்கா. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். ஏறினால் உயிர், பதவி, ஆகாயம் எல்லாம் கிடைக்கும். பிறகு கட்டிலில் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். முதுகு வலிக்கிறது என்றேன். அவர் அழுதுகொண்டே போனார்.

இப்போது என்னை உங்கள் நாட்டுக் கைதிகளோடு ஒரே கொட்டடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என்னிடம் பேசப் பயம், உளவு பார்க்க உள்ளே விட்டிருக்கிறார்களோ என்று. விசாரணை அடுத்த மாதம். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குவாரிக்குப் போன சமையல்காரரை நினைத்துக்கொள்கிறேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறதே, அது போதும்.

அந்த மூட்டை தூக்குகிறவருக்காக நீ அழுதிருப்பாய். நானும் அழுதேன்.

இந்தக் கடிதம் எழுதியதே ஒரு விஷயத்துக்காகத்தான், மற்றதெல்லாம் இடையில் வந்தது. நான் விட்ட சீட்டில் இப்போது சின்னப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பயிற்சியில் எடுத்துவிட்டார்கள். பயத்தில் முதலில் சுட்டுவிட்டுப் பிறகுதான் பார்க்கிறார்கள். மேலேயிருந்து வெள்ளைக் கோட்டு தெரியாது. மொட்டை மாடியில் ஒரு ஆள் அசையாமல் நின்று மேலே பார்த்தால் குறி பார்க்கிறான் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன்.

அதில் நான் இல்லை. இனிமேல் எதிலும் இருக்கமாட்டேன். சத்தம் கேட்டால் மேலே பார்க்காதே. கீழே ஓடு, அக்கா.

தம்பி